ஒரு கேள்விக்கு ஒரு சாண்

கூனித்துறையில் செல்போனில் ஏலம் கேட்கிறவர்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கியது மாசி மாதத்தில், காற்று செத்துக் கிடந்த ஒரு மத்தியானத்தில். விலையை ஒரு தடவை ஏற்றிக் கேட்டால் ஒரு சாண், இன்னொரு தடவை ஏற்றினால் இன்னொரு சாண், அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலில் எழும்பியவர் ஓய்வுபெற்ற தபால்காரர் சந்தியாகு. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு இருநூறு இருநூறாக ஏற்றிக் கேட்டுக்கொண்டே போய், புதிய ஃபிரிட்ஜின் விலையையும் தாண்டி, ஜெயித்தும்விட்டார். ஜெயித்த சந்தோஷத்தில் எழுந்து நிற்கலாம் என்று காலை ஊன்றினால் கீழே தரை இல்லை. உச்சந்தலை உத்தரத்தில் ஒட்டியிருந்தது. அவர் மனைவி விக்டோரியா அண்ணாந்து பார்த்து, "அங்கனயே இருக்கப் போறீயன்னா அந்த ஒட்டடையையும் அடிச்சிருங்க," என்று துடைப்பத்தை நீட்டிவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள்.

ஏலத்தில் தோற்றவர்கள் பலா இலை உதிர்வது போல மெல்லத் தரைக்கு வந்துவிடுவார்கள். நியாயமான விலைக்கு ஜெயித்தவர்களும் அப்படியே. பெறுமானத்துக்கு மேலே கொடுத்து ஜெயித்தவர்கள்தான் மேலேயே நிற்பார்கள், நான்கு பேர் கேட்க "நான் அதிகம் கொடுத்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறவரைக்கும். பெண்கள் அரைமணி நேரத்தில் சொல்லி இறங்கிவிடுவார்கள், அடுப்பில் வேலை கிடக்கிறதே. ஆண்கள்? சந்தியாகு ஒன்பது நாள் மேலேயே இருந்தார். நாவிதர் ஏணி வைத்து ஏறிச் சவரம் செய்தார், பங்குச்சாமியார் அண்ணாந்தபடியே பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கழுத்துப் பிடித்துக்கொண்டு போனார், விக்டோரியா துரட்டிக் கம்பில் தூக்குவாளியை மாட்டிச் சோறு கொடுத்தாள். ஐந்தாம் நாள் அவர், "ஃபிரிட்ஜ் நல்ல ஃபிரிட்ஜ்தான், விலைதான் கொஞ்சம் முன்னப்பின்ன," என்று சொல்லிப் பார்த்தார். பாதி இறங்கி அந்தரத்தில் நின்றார். பாதி ஒப்புக்கொண்டால் பாதிதான் இறக்கம் என்பது ஊருக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று ஆராய, அளவுநாடாவும் தராசுமாக இரண்டு பேராசிரியர்கள் டவுனிலிருந்து வந்து, ஒரு பக்கெட் இளநீர் குடித்துவிட்டு, "காற்றழுத்தம்" என்று சொல்லிச் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார்கள். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்துக்கொண்டு, பார்த்திராத பொருளை, பார்த்திராத ஆளிடம், பார்த்திராத எதிரியோடு மல்லுக்கட்டி வாங்குவதை விடவா தரையிலிருந்து ஒரு சாண் எழும்புவது அதிசயம்? எனவே காரணத்தை விட்டுவிட்டு ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். ஓடு உடைகிறது என்று புகார் வந்ததும், ஏலம் கேட்கிறவர்கள் இனி கோயில் திடலுக்கு வந்து வெட்டவெளியில்தான் கேட்க வேண்டும், இடுப்பில் நைலான் கயிறு கட்டி மறுமுனையைக் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் முடிய வேண்டும் என்று பூசை முடிவில் அறிவிப்பு வந்தது. கரண்ட் கம்பி பக்கம் யாரும் எழும்பக் கூடாது என்று லைன்மேன் ஜெபமணி ஒரு பலகை எழுதி வைத்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தோடு, "பையன் எவ்வளவு ஒசரம் போவான்?" என்பதையும் சேர்த்து விசாரித்தார்கள். அறிவிப்புக்கு முந்தைய வாரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே மிக்சிக்கு எதிரெதிராகக் கேட்டு, இரண்டு பேர் தலையும் ஒரே நேரத்தில் ஓட்டைத் துளைத்து வெளியே வந்து, கூரைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் சலேத்மேரி. சிரிப்பு வராமல் இல்லை. அவளுக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது.

சலேத்துக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடமாகத் தலையில் மீன்கூடை. அவளும், அவள் அண்ணன் மனைவி பிரகாசியும், ரெஜினாவும், இன்னும் இரண்டு பேருமாக ஐந்து பெண்கள் விடியலில் கரையில் மீன் எடுத்து, பஸ் ஏறி, உள்ளே சாத்தன்விளை வரைக்கும் ஊர் ஊராக விற்றார்கள். போன வருடத்திலிருந்து மினிபஸ்காரர்கள் கூடையை ஏற்றுவதில்லை. வாடை அடிக்கிறதாம். முன் சீட்டில் உட்கார்ந்து மூக்கைப் பொத்துகிற அதே மனிதர் மத்தியானம் வீட்டில் அதே மீனைக் குழம்பாக ஊற்றித் தின்று, கை கழுவிய பிறகும் விரலை முகர்ந்து பார்ப்பார்; அந்த வாடை மட்டும் எந்தக் கணக்கில் வரும் என்று யாராவது கேட்க வேண்டாமா? சலேத் கேட்டாள். நடுவழியில் இறக்கிவிட்டார்கள். ஐந்து பேரும் ஏழு கிலோமீட்டர் நடந்தார்கள், மீன் பாதி வழியில் நொந்துபோயிற்று.

அப்போதுதான் வண்டிக் கடன் கம்பெனியின் கூனித்துறைக் கிளை, தவணை கட்டாத ஒருவரிடமிருந்து பறித்த லோடு ஆட்டோ ஒன்றைச் செல்போன் ஏலத்துக்கு விட்டது. பின்னால் ஐஸ்பெட்டி வைத்துக் கட்டிய வண்டி. கூனித்துறையில் வீடு உள்ளவர்கள் மட்டும் கேட்கலாம், வெள்ளிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு மணி வரை, ஆரம்ப விலை அறுபதாயிரம், ஒரு கேள்விக்கு ஆயிரம்.

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிற பெண் கூனித்துறையில் கிடையாது. படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் சலேத் நேரே வண்டி நிற்கிற இடத்துக்குப் போனாள், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு. டயரை உதைத்தாள், என்ஜினை ஓடவிட்டுக் காது வைத்தாள், ஐஸ்பெட்டிக்குள் தலையை விட்டு மூடச் சொல்லி, ஓட்டை வழியே வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தாள். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி ரெஜினாவிடம் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னாள். இதே மாதிரி வண்டிகள் பக்கத்து ஊர்களில் என்ன விலைக்குப் போயின என்று மூன்று இடத்தில் விசாரித்திருந்தாள்.

கிளை மேலாளர் இன்பராஜ் வெளியூர்க்காரர், கழுத்தில் எப்போதும் டை கட்டியிருப்பார். அவருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, மீனா வாங்க வந்திருக்கீங்க?"

"மீனுன்னா ஒரு நாளுல கெட்டுப்போவும் சார், தூரப் போட்டுட்டுப் போயிரலாம். இது அஞ்சு வருசத்துக்கு நின்னு கெடும்."

கரை ஏலத்தில் இந்தப் பெண்களுக்கு இரண்டு வழக்கம். ஒன்று, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அன்றைய விலையை முடிவு செய்து முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வது. விலை ஏற ஏற முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள்; கடைசி முடிச்சு அவிழ்ந்த பிறகு மீன் எழுந்து நின்று பாட்டுப் பாடினாலும் வாய் திறக்க மாட்டார்கள். இன்னொன்று ஏலக்காரருக்கும் சேர்த்து உள்ள சட்டம்: முகத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். படகு மறைவிலிருந்து குரல் மட்டும் வந்தால் அதைக் காற்று என்று வைத்துக்கொண்டு ஏலக்காரர் அடுத்த ஆளைப் பார்ப்பார்.

ஐந்து பேர் சேமிப்பும் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் பிரகாசியின் மகள் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணத்தில்தான் கை வைக்க வேண்டும். சலேத் முந்தானையில் பத்தாயிரத்துக்கு ஒன்றாகப் பதினொரு முடிச்சுப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை திடலில் நல்ல கூட்டம். சுண்டல்காரர் வந்துவிட்டார். வண்டிக்குக் கேட்க இடுப்பில் கயிறு கட்டி நின்றவர்கள் மூன்றே பேர்: சலேத், சோடாக் கம்பெனி டைட்டஸ், கருவாட்டு வியாபாரி வியாகுலம்.

"சலேத்து, உனக்கெதுக்கு வண்டி?" என்றார் வியாகுலம், கயிற்றை இறுக்கிக்கொண்டே. "கூடை உனக்குக் கிரீடம் மாதிரில்லா இருக்கு."

"அப்படியாண்ணே? ஒரு நாளைக்கு நீங்க அந்தக் கிரீடத்த வச்சிக்கிட்டு சாத்தன்விளைக்கு நடந்து பாருங்க. ராசா மாதிரி இருப்பீய."

பதினொரு மணிக்குப் போன் மணியடித்தது. அரைமணி நேரம் சலேத் அசையவே இல்லை. டைட்டஸும் வியாகுலமும் முந்தி முந்தி எழும்பிக்கொண்டிருந்தார்கள், போனில் புயல், ராஜா 2, நம்பிக்கை, அன்பு, சிங்கம் 7 என்று முகமில்லாத ஐந்து பேர்களும் மாறி மாறி விலையை ஏற்றின.

"ஏட்டி, தூங்கிட்டியா?" என்றாள் கீழே கயிற்றைப் பிடித்திருந்த பிரகாசி.

"அவசரப்பட்டுக் கேட்டா விலைதான் மைனி ஏறும், வண்டி வராது. கடைசிக் கால் மணிக்கு முன்னால எவன் குலைச்சாலும் நாம எதுக்குக் கூடக் குலைக்கணும்?"

எழுபத்து நாலில் டைட்டஸ் கும்பிடு போட்டு உதிர்ந்தார். அதன் பிறகுதான் சலேத் தன் முதல் கேள்வியைக் கேட்டாள்; பாதம் மணலை விட்டு விலகியது, கொலுசு ஒரு தடவை சிணுங்கியது. எண்பத்தெட்டில் வியாகுலம், "போதும்டே, எம் பொண்டாட்டி கீழ நின்னு பாக்கா," என்று சொல்லிச் சுழன்று சுழன்று இறங்கினார். ஆகாயத்தில் சலேத் மட்டும் இருந்தாள்.

ஆனால் விலை நிற்கவில்லை. அவள் தொண்ணூறு என்றால் சிங்கம் 7 தொண்ணூற்றொன்று என்றது. அவள் தொண்ணூற்றிரண்டு என்றால் புயல் தொண்ணூற்று மூன்று. இளந்தென்னையின் பாதி உயரத்தில், சேலையைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சலேத் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கோயில் கோபுரம், உப்பு மூட்டைகள், மொட்டை மாடிகளில் காயும் நெத்திலி, கடலில் ஒரே ஒரு பாய். வேறு ஒரு குஞ்சும் மேலே இல்லை.

"மைனி, எட்டுப் பேர் கேக்குறதா போன் சொல்லுது. மூணு பேர்தான எழும்புனோம்? மிச்ச அஞ்சு பேர் எங்க?"

"வீட்டுக்குள்ள இருந்து கேக்காவளோ என்னமோ!"

"இந்த விலைக்கு இந்நேரம் ஓடு பிஞ்சிருக்குமே!"

பத்து முடிச்சும் அவிழ்ந்தது. பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பதினொன்றாவது முடிச்சையும் அவிழ்த்து, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று அழுத்தினாள். ஒரு மூச்சு விடுவதற்குள் சிங்கம் 7: ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.

திடலே கத்தியது. "இன்னும் ஒண்ணு கேளுட்டி! ஒரே ஒண்ணு!" ரெஜினா கத்தினாள், சுண்டல்காரர் கத்தினார், தோற்றுப்போன வியாகுலமே கத்தினார். பிரகாசி கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். "பிள்ள பீசுல எடுத்துக்கலாம் சலேத்து, நான் சொல்லுதேன்ல. ரெண்டாயிரம்தானே!"

சலேத்தின் கட்டைவிரல் போனுக்கு மேலே நின்றது. ஏழு கிலோமீட்டர் நடந்த வெயில் அவள் கண்ணுக்குள் இருந்தது. அந்த வண்டியின் சத்தம் காதில் இருந்தது; நல்ல என்ஜின், சளி பிடிக்காத நெஞ்சு மாதிரி. ரெண்டாயிரம்தானே. ஆனால் இந்த ஊரில் கூரைக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த "தானே"யைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். லட்சம் ரூபாயை மொத்தமாக இழக்க யாருக்குத் துணிச்சல் வரும், ஆயிரம் ஆயிரமாக இழக்கத்தான் எல்லோருக்கும் வரும். மைனியின் மகள் படித்து ஊசி போடப் போகிற கையை, முகமே இல்லாத ஒரு சிங்கத்துக்குத் தூக்கிக் கொடுப்பதா? அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பன்னிரண்டு அடித்தது. "சிங்கம் 7 வெற்றி," என்றது போன். சலேத் மெல்ல இறங்கி மணலில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிரகாசி மட்டும் வெறுமையான முந்தானையைத் தடவிக் கொடுத்து, "நடக்குறதுக்குக் காலு இருக்குல்லட்டி," என்றாள்.

அப்போதுதான் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது.

கடன் கம்பெனிக் கிளையின் கூரையில், அதுவரை எப்படியோ தாக்குப்பிடித்திருந்த தகரம் ஆணிகளைத் துப்பிவிட்டு இரண்டாகப் பிளக்க, அதன் நடுவே முதலில் ஒரு வழுக்கை, அப்புறம் ஒரு டை, அப்புறம் கைக்கு இரண்டும் சட்டைப்பையில் ஒன்றுமாக ஐந்து செல்போன்களோடு மேலாளர் இன்பராஜ் முழுசாக வெளியே வந்து, இளந்தென்னை உயரத்துக்கு ஏறி, காற்றில் ஆடிக்கொண்டு நின்றார். பேர் ஐந்தானாலும் உடம்பு ஒன்றுதானே. இருபத்தேழு கேள்வியும் அந்த ஒரே உடம்பில் ஏறியிருந்தது. எழும்புவது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று அவர் நினைத்திருந்தார்.

திடல் முழுவதும் கிளை வாசலுக்கு ஓடிற்று. சலேத் இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை.

"கூரை ரிப்பேர் பாக்க வந்தேன்மா!" என்றார் மேலாளர், அங்கிருந்தே.

"ஏணி இல்லாமலா சார்?"

அவர் கையிலிருந்த போன்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ஒரு நல்ல சேதி. ஜெயிச்ச பார்ட்டி இப்பதான் வேண்டாம்னு சொல்லிட்டாரு. நீங்க கடைசியா கேட்ட விலைக்கே வண்டியைத் தந்துடறேன். லட்சத்துப் பத்து. இப்பவே கையெழுத்து."

பிரகாசியின் முகம் மலர்ந்தது. சலேத் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். "யாரு சார் அந்தப் பார்ட்டி?"

"சிங்கம்."

"சிங்கத்த வரச் சொல்லுங்க. முகத்தப் பாத்துக்கிடுதோம்."

ஒரு சிரிப்பு கிளம்பி வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் போயிற்று. அது அடங்கியதும் சலேத் தலையைத் தூக்கி, கரை ஏலத்தில் பேசுகிற அதே குரலில் பேசினாள்: "முகம் காட்டாத கேள்வி எங்க ஊருல கேள்வி இல்ல. அதையெல்லாம் கழிச்சுருங்க. முகத்தோட கேட்டது மூணு பேரு. கடைசியா விட்டது வியாகுலண்ணன், எம்பத்தெட்டுல. அதுக்கு மேல ஒண்ணு. எம்பத்தொம்பதாயிரம். அதான் இந்த வண்டி விலை."

"நான் எம்பத்தெட்டுக்கு மேல ஒரு பைசா தரமாட்டேன்," என்றார் வியாகுலம். அவருக்கும் கோபம், காற்றோடு சண்டை போட்டு ஏறினோமே என்கிற கோபம். "அவ சொல்லுததுதான் ஞாயம். எறங்கி வாரும்வே!"

இறங்குவதற்கு ஒரே வழிதான் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். சந்தியாகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "தம்பி, அனுபவஸ்தன் சொல்லுதேன். பாதி சொன்னா பாதிதான் எறங்கும். மொத்தத்தையும் கொட்டிரும். எனக்கு ஒம்பது நாளாச்சு."

"தெற்குக் காத்து கெளம்புது சார்," என்றார் லைன்மேன் ஜெபமணி, கம்பியையும் மேலாளரையும் மாறி மாறிப் பார்த்து. "நான் கரண்ட நிப்பாட்டுனா ஊருல ஐஸ் உருகும். நீங்களே பாத்துக்கிடுங்க."

மேலாளர் தொண்டையைச் செருமினார். முதலில், "விற்பனையில ஒரு சின்ன ஊக்குவிப்பு," என்று பார்த்தார், அசையவில்லை. "கம்பெனி வழக்கம்," என்று பார்த்தார். காற்று அவரைக் கம்பிப் பக்கமாக ஒரு முழம் தள்ளியது. அதற்கு மேல் வார்த்தை தேடவில்லை. "அறுபத்தொண்ணு புயல்னு கேட்டது நான்தான்." ஒரு சாண் இறங்கினார். "அறுபத்து மூணு ராஜா 2, அதுவும் நான்." இன்னொரு சாண். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "ஒரு சாண்!" என்று கூவியது. யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள், துரட்டிக் கம்பில். நம்பிக்கை நான், அன்பு நான், சிங்கமும் நான்தான் என்று சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஏதோ ஒரு நிம்மதிகூட வந்தது போலத் தெரிந்தது. கூரையைத் தாண்டி, பெயர்ப்பலகையைத் தாண்டி, ஆட்கள் தோளைத் தாண்டி வந்து, சலேத்தின் முகத்துக்கு எதிராக அவர் முகம் நின்றபோது இருபத்தாறு முடிந்திருந்தது.

"இன்னும் ஒண்ணு," என்றாள் சலேத். "லட்சத்துப் பதினொண்ணு."

"அது கை தவறிப் பட்டுருச்சுமா."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தரைக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு சாண்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"கை தவறித்தான். சத்தியமா." அவர் டையைச் சரிசெய்துகொண்டார். ஒரு மனிதனுக்கு இருபத்தாறு பொய்யை விட முடிகிறது, ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகத் தோன்றுகிறது.

"சரி, உங்க இஷ்டம். கையெழுத்துப் போட அது போதும்." அந்த ஒரு சாண் உயரத்திலேயே நின்று, வியாகுலத்தின் முதுகை மேசையாக்கி, எண்பத்தொன்பதாயிரத்துக்கு ஐந்து பெண்கள் பேரில் அவர் எழுதிக் கொடுத்தார். மிச்சப் பணத்தில் ரெஜினா லைசென்ஸ் எடுத்தாள், வண்டிக்குப் புது டயர் வாங்கினார்கள், நர்சிங் பீஸ் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது காலை ஆறு மணிக்கெல்லாம் அந்த வண்டி ஐஸும் விளமீனுமாகக் கிளை வாசல் வழியேதான் மேட்டுத் தெருவுக்கு ஏறுகிறது. மேலாளர் அந்நேரம் வாசலில் பூட்டைத் திறந்துகொண்டிருப்பார், படி ஏறாமலே படிக்கு மேலே நின்று. நல்ல மனிதர்தான், தவணைக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் மரியாதையாகப் பேசுகிறார். பஸ்ஸில் போனால் அவருக்கு உட்கார இடம் தேவைப்படுவதில்லை. செருப்புத் தேயாத சிக்கனத்தைப் பற்றி ஊரில் சிலருக்குப் பொறாமையும் உண்டு. வண்டி கடக்கும்போது அடிக்கிற காற்றில் அவர் லேசாக ஒரு பக்கம் மிதந்து போவார். ரெஜினா உடனே வேகத்தைக் குறைப்பாள். சலேத் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்து வாசலுக்கு நேரே நிறுத்தி, "இன்னைக்காவது சொல்லிருதீயளா சார்?" என்று கேட்பாள்.

"கை தவறித்தாம்மா," என்பார் அவர்.

"சரி சார். கதவப் பிடிச்சிக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். வண்டி சாத்தன்விளைக்குப் போகும்.